துணி சொல்லும் சாட்சி

எங்கள் வீட்டில் ஈரத்தைக் கண்டதும் ஏதாவது செய்யாத ஒரே பொருள் நான்தான். ஐப்பசி பிறந்தால் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்கிறது. அப்பளம் நமுத்துப்போகிறது. உப்பு ஜாடி கசிகிறது. தீக்குச்சி தலையை இழக்கிறதே தவிர, பற்றுவதில்லை. மனிதத் தலைமுடிகூட ஈரக் காற்றில் கொஞ்சம் நீளுமாம், காய்ந்த காற்றில் குறுகுமாம். ஜெனீவாக்காரரான சொசூர் என்ற விஞ்ஞானி 1783-லேயே முடியை இழுத்துக் கட்டி, அதை வைத்துக் காற்றின் ஈரத்தை அளந்து காட்டிவிட்டார். எனக்கு அந்த வசதியும் இல்லை. கருவி எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆகவே, "ஏனுங்க, மழை வருதுங்க, மாடியில துணி கெடக்குது" என்று வீட்டம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் எனக்கு வானிலை தெரியவரும். அதற்குள் துணிக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் என் மச்சினன் திருப்பூரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினான். அவன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். பிரித்துப் பார்த்தால், நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளும் டி-ஷர்ட். கிளிப்பச்சை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கிளி நன்றாக இருந்தது, வயிறுதான் ஒத்துழைக்கவில்லை.

"இது சாதாரணத் துணி இல்லீங்க மச்சான், வேர்வைய உணர்ந்து வேலை செய்யும்" என்றான் போனில். அப்புறம் பாடம் நடத்தினான். மச்சினன்மார் பாடம் நடத்தும்போது குறுக்கே பேசக்கூடாது, அக்காவிடம் போய்விடும். பருத்தி தண்ணீரைக் குடிக்கும் சாதி. துளி ஈரமில்லாமல் உலர்த்திய பஞ்சு 100 கிலோ இருந்தால், சும்மா காற்றிலிருந்தே 8.5 கிலோ தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நூல் வியாபாரத்தில் இதற்கென்றே கணக்கு உண்டு. அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை, அந்த எடைக்குத்தான் பணம். பால்காரர் தண்ணீர் கலந்தால் தெருவில் சண்டை. நூலில் தண்ணீர் கலந்தால் அதற்குச் சர்வதேச விதிமுறை. பாலியெஸ்டர் அப்படியல்ல. அதே 100 கிலோவுக்கு அரைக் கிலோகூடக் குடிக்காது, 0.4 கிலோதான். அதனால் இழைக்குள்ளே வேர்வை தங்காது. இழைகளுக்கு நடுவே விட்டிருக்கும் சந்துகள் வழியாக ஊர்ந்து, சட்டையின் வெளிப்பக்கம் போய், அகலமாகப் பரவி, காற்றில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். "ஏசி போட்ட மாதிரி இருக்குமுங்க" என்று முடித்தான்.

சட்டையின் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அது தன் கடமையைச் செய்தது. வேர்வையை வெளிப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, 'எடுத்துக்கொள்' என்று காற்றிடம் நீட்டியது. வாங்கிக்கொள்ளத்தான் சென்னைக் காற்றில் இடமில்லை. கடற்கரை ஊர்க் காற்று விடியும்போதே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது. அதற்குமேல் என் முதுகிலிருந்து ஒரு டம்ளர் என்றால் அதுதான் என்ன செய்யும்? பூங்காவை ஒரு சுற்று வந்ததும் சட்டையில் இலங்கை தெரிந்தது. இன்னொரு சுற்றில் ஆஸ்திரேலியா சேர்ந்துகொண்டது. எதிரே வந்த ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் என் முதுகைப் பார்ப்பதற்காகவே திரும்பி நடந்தார்.

இதனால் மனம் நொந்து, மறுநாள் நான் பூங்காவுக்குள் போகாமல் வாசலில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ, இரண்டு கீரை வடை, நாட்டு நடப்பு. நேரத்தோடு வீடு திரும்பினேன். வீட்டம்மா காபியை நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் என் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, சட்டை காஞ்சு கெடக்குது?"

"அதுதானே இதோட விசேஷமே! வேர்த்த வேகத்துல காஞ்சிடும். உன் தம்பி சொன்னான்ல?"

அறிவியலை இவ்வளவு கச்சிதமாக நான் அதற்கு முன் பயன்படுத்தியதில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "ஏன்டா, அந்தச் சட்டை வேர்த்தா எவ்வளவு நேரத்துல காயும்?"

"எந்த ஊர்ல போட்டுக்கறதுக்குங்க்கா?"

"மெட்ராஸ்ல."

"மெட்ராஸ்லயா? அங்கெங்கக்கா காயப்போகுது!"

காபி நன்றாகத்தான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

அடுத்த நாளும் பெஞ்சு, வடை, நாட்டு நடப்பு. ஆனால் கிளம்பும்போது பூங்காக் குழாயில் சட்டையின் முதுகுப்பக்கத்தை நனைத்துக்கொண்டேன். அகலமாக, பொறுமையாக, நம்பத்தகுந்த இடங்களில். வீட்டம்மா இந்தத் தடவை தொட்டுப் பார்க்கவில்லை, மோந்து பார்த்தாள். "நாத்தமே இல்லையே" என்றாள். என் வாழ்க்கையில் இந்தச் சொல் குற்றச்சாட்டாக வந்தது அன்றுதான்.

விஷயம் இதுதான். பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 26 பேரை உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளைக் கழற்றி வாங்கி, ஒரு நாள் மூட்டைகட்டி வைத்துவிட்டு, அப்புறம் ஆட்களை உட்காரவைத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர்தான் அதிகம் நாறுகிறது என்று 2014-ல் எழுதியும் விட்டார்கள். வேர்வையில் வாசம் கிடையாது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள்தான் காரணம். அதில் நாற்றக்காரச் சாதி ஒன்றுக்குப் பாலியெஸ்டர் மிகவும் பிடித்துப்போய்விடுகிறது. அந்த மோந்து பார்த்த ஆட்கள் வீட்டுக்குப் போய், இன்றைக்கு ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டபோது என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இதெல்லாம் என் வீட்டம்மாவுக்கு எப்படித் தெரியும்? தம்பி. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் குறைந்த மாதங்களில் அவனுக்கு நேரம் நிறைய.

அதன்பிறகு உண்மையாகவே நடந்தேன். கெண்ட் பல்கலைக்கழகம் சொன்னது சரி. சட்டை இப்போது பால்கனியில் தனிக்குடித்தனம் இருக்கிறது.

குடும்பத் தலைவனுக்கு இப்படி மரியாதை குறையும்போது பொது அறிவைக் காட்டி அதை நிமிர்த்துவது வழக்கம். நானும் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி ஆரம்பித்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் 2015-ல் ஒரு சட்டை செய்தார்கள், தெரியுமா? முதுகில் குட்டிக் குட்டி ஜன்னல்கள். வேர்த்தால் தானாகத் திறக்கும், காய்ந்தால் தானாக மூடும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. துணிமேல் ஒரு பாக்டீரியாவைக் கோடுகோடாகப் பூசியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் அது உப்பும், காய்ந்தால் சுருங்கும்; அந்த இழுப்பில் ஜன்னல் வளைந்து திறக்கும்.

"என்ன பாக்டீரியா?"

ஜப்பான்காரர்கள் சோயாபீன்ஸைப் புளிக்கவைத்து நாட்டோ என்று ஒன்று சாப்பிடுகிறார்களே, அதைப் புளிக்கவைக்கிற பாக்டீரியா என்றேன் பெருமையாக, நானே புளிக்கவைத்தது மாதிரி.

"புளிச்ச மாவத் துணியில பூசறதுக்கா அமெரிக்கா போகோணும்? நீங்க நேத்து கிரைண்டர் கழுவினப்பவே பூசிட்டு வந்தீங்களே. கறை இன்னும் போகலை."

ஜன்னலைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. என் பழைய கைவைத்த பனியனில் அவை முன்னமே வந்துவிட்டன, மூடுகிற பகுதிதான் பாக்கி என்றாள். இதற்குமேல் எம்.ஐ.டி.யைத் தற்காத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஒரு வார்த்தை பருத்திக்காகவும் சொல்லிவிடுகிறேன், அது நம்ம ஊர்ப் பயிர். எம்.ஐ.டி. சட்டை நனைந்தால் திறக்கிறது என்றால், நனைந்தால் மூடுகிற சட்டையை இரண்டாம் உலகப் போரிலேயே செய்துவிட்டார்கள். மான்செஸ்டரில் ஷெர்லி இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிலையம் நீளமான இழைகொண்ட பஞ்சைப் பொறுக்கி, நெருக்க நெருக்கமாக நெய்து, வென்டைல் என்று ஒரு துணி கொண்டுவந்தது. ரப்பர் பூச்சு, மெழுகு, ஒன்றும் கிடையாது. காய்ந்திருக்கும்போது காற்று போகும். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை பருக்கிறது, இழைக்கு நடுவே இருந்த ஓட்டைகள் தாமாக அடைபடுகின்றன. குளிர்ந்த கடலில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகளின் உயிரை அது காப்பாற்றியது. எங்கள் குளியலறைக் கதவும் அதே கொள்கையில்தான் இயங்குகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட எனக்குத்தான் யாரும் பதக்கம் தரவில்லை.

நான் இங்கே உங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வந்தது வேட்டியைப் பற்றி.

பக்கத்துத் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். அரிசிக் கஞ்சி போட்டு மடமடவென்று நிற்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். கஞ்சி போட்ட வேட்டிக்குள் இருக்கும்போது ஆண்பிள்ளைக்கு வருகிற தைரியம் வேறு எதிலும் வராது. திருப்பத்தில் பிடித்தது மழை. ஒதுங்க இடமில்லை. முதலில் கஞ்சி கரைந்தது, கூடவே தைரியமும். வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. பந்தலுக்குள் நான் நுழைந்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மாவிலைத் தோரணத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தை மட்டும் உரக்கச் சொன்னது: "அம்மா, அந்தத் தாத்தா உள்ள கோடு போட்டிருக்காரு!"

பட்டாபட்டி. நீலமும் வெள்ளையும். ஈரோட்டில் வாங்கியது.

இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அவமானப்பட்டவனுக்கு விளக்கமாவது கிடைக்க வேண்டாமா? பருத்தி நூலுக்குச் சொந்தமாக வெள்ளை நிறம் கிடையாது. இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று இருக்கிறது. இழையிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து இழைக்கு என்று மாறிமாறிப் போகும் வெளிச்சம் ஒவ்வொரு எல்லையிலும் சிதறித் திரும்பிவிடுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெள்ளை என்கிறோம். தண்ணீர் புகுந்து காற்றைத் துரத்திவிட்டால் இழைக்கும் தண்ணீருக்கும் ஒளியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. வெளிச்சம் சிதறாமல் நேராக உள்ளே போய், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

செய்தி மகளுக்கு எட்டியது. "இனிமே அப்பா குடையில்லாம போகக்கூடாது" என்று ஒன்றை வாங்கி அனுப்பினாள். கறுப்பில்லை, அடர்நீலம், விளிம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சின்ன வட்டங்கள். அடக்கமாகத்தான் இருந்தது. கடைவீதியில் நடந்துகொண்டிருக்கும்போது தூறல் போட்டது, விரித்தேன். ஜனங்கள் என் தலைக்குமேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். மழை மேகத்தைப் பார்த்துத்தான் மகிழ்கிறார்கள், நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ரோஸ் நிறப் பூவாக மலர்ந்திருந்தன. நடுநடுவே பட்டாம்பூச்சி.

இதுவும் அதே வேட்டி வித்தைதான். வண்ணப் பூவை முதலில் அச்சடித்துவிட்டு, அதற்குமேல் சிலிக்கா என்ற வெள்ளைத் தூள் கலந்த ஒரு பூச்சைப் போட்டுவிடுகிறார்கள். காய்ந்திருக்கும்வரை தூளின் நுண்துளைகளில் இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடித்துப் பூவை மறைத்துவைக்கும். நனைந்தால் பூச்சு கண்ணாடியாகிவிடும், அடியில் இருப்பது தெரியும். அதாவது, எனக்கு நேர்ந்ததைக் குடைக்குச் செய்து, கடையில் வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

அதோடு வீட்டம்மாவுக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. வெளியே போய்வந்தால் குடையைத்தான் முதலில் பார்ப்பாள். பூ இருந்தால் விரித்தேன் என்று அர்த்தம். பூ இல்லாமல் நான் மட்டும் சொட்டச் சொட்ட நின்றால், கூச்சப்பட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன் என்று அர்த்தம். குடையை விரித்தால் பட்டாம்பூச்சி, விரிக்காவிட்டால் பட்டாபட்டி. இரண்டில் எது கௌரவம் என்று தெருமுனையில் நின்று ஒரு நாள் நான் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து தேங்கிய தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போய், அந்தச் சிரமத்தையும் எனக்கு வைக்கவில்லை. பூவும் மலர்ந்தது, பட்டையும் தெரிந்தது.

அப்புறம் பேத்தி வந்தாள்.

பேத்தியின் டயப்பரில் நடுவே மஞ்சளாக ஒரு கோடு ஓடும். ஈரமானால் அது நீலமாகிவிடும். "கோடு நீலமானா ஒரு குரல் கொடுங்கப்பா, அவ்வளவுதான்" என்று மகள் என்னைக் காவலுக்கு வைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு பொறுப்பு. மூக்குக் கண்ணாடி கைக்கெட்டவில்லை, ஆனாலும் கண்ணிமைக்காமல் பார்த்தேன். "நீலம்! நீலம்!" என்று கத்தினேன். மகள் குளிக்கப் போனவள் பாதியில் ஓடி வந்தாள். கோடு மஞ்சளாகத்தான் இருந்தது. நான் பார்த்தது ஓரத்தில் அச்சடித்திருந்த யானை. யானை பிறவி நீலம்.

அந்த டயப்பருக்குள் இருக்கிற சமாசாரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இருந்ததால் வந்த வினை அது. 1970-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் மக்காச்சோள மாவை வைத்து, தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைக் குடிக்கும் ஒரு பொடியைச் செய்தார்கள். அதன் வழிவந்த இன்றைய பொடி செயற்கை ரசாயனம், பார்க்க உப்புத் தூள். ஒவ்வொரு டயப்பரிலும் பஞ்சோடு கலந்து கிடக்கிறது. குழந்தையின் சிறுநீரில் உப்பு இருப்பதால் அங்கே அது கொஞ்சம் அடக்கி வாசிக்கும், சில பத்து மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். நல்ல தண்ணீரைக் கண்டால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

குழந்தைத் துணிகளைச் சுருட்டி வாளியில் போட்டிருந்தார்கள். மகளும் வீட்டம்மாவும் ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரம். வந்து பார்த்தால் துணி துவைத்திருக்க வேண்டும், அசந்துபோக வேண்டும் என்று எண்ணி, வாளியோடு மிஷினுக்குள் கவிழ்த்து, என் வேட்டி சட்டையையும் சேர்த்துப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுப் பேப்பரை எடுத்தேன். சுருட்டலுக்குள் ஒரு டயப்பர் இருந்திருக்கிறது.

மிஷின் நின்றதும் மூடியைத் திறந்தேன். உள்ளே துணியைக் காணோம். ஊறின ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒன்று, வழவழவென்று, பளபளவென்று, விளிம்புவரை இருந்தது. கையை விட்டால் வேட்டி வந்தது, வேட்டியோடு அதுவும் வந்தது. உதறினேன். சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அலசினால் போய்விடும் என்று இன்னும் தண்ணீர் விட்டேன். அது நன்றி சொல்லிவிட்டு இன்னும் வளர்ந்தது.

திருப்பூருக்குப் போன் போட்டேன்.

"தண்ணி விட்டீங்களா? ஐயோ மச்சான்! உப்புப் போடுங்க. உப்புத் தண்ணியில அது குடிச்சதெல்லாம் கக்கிட்டுச் சுருங்கிரும். அப்புறம் அள்ளிக் கொட்டிரலாம்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அக்கா வீட்டுல இல்லீங்களா?" என்று கேட்டான். குரலில் ஒரு பண்டிகைக் களை இருந்தது.

கல் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தேன். போதவில்லை. தூள் உப்புப் பாக்கெட்டையும் பிரித்துக் கொட்டினேன். மச்சினன் சொன்னது பொய்யில்லை. ஜவ்வரிசி கண் முன்னாலேயே வாடி, வதங்கி, கீழே உட்கார்ந்தது. அள்ளி அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். சுவரைத் துடைத்தேன். தரையைத் துடைத்தேன். அவர்கள் வந்தபோது நாற்காலியில், பேப்பரோடு இருந்தேன்.

வீட்டம்மா மிஷினை எட்டிப் பார்த்தாள், கூடையை எட்டிப் பார்த்தாள், என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு மணியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மிஷின் பழுதாகிவிட்டது போலிருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கொடியில் நான் காயப்போட்டிருந்த வேட்டியின் மடிப்பிலிருந்து கிழிந்த துண்டு ஒன்று மெதுவாக நழுவிக் கீழே விழுந்தது. அதில் அந்த யானை இருந்தது.

அவள் யானையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் சமைக்கப் போனாள். பொழுது சாய்ந்திருந்தது, கடைக்கு யாரும் போகவில்லை, போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உப்புப் போட்ட பண்டம் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. உப்பில்லாதது முழுவதும் என் தட்டுக்கு வந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.